அமெரிக்கக் கவுண்டி ஒன்றின் விவசாய மானியக் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒன்றுக்கு இத்தனை கோடி டாலர் விவசாய மானியம் சென்றது என்ற செய்தியிலிருந்து, பணம் எதற்காக யாருக்குப் போனது என்பது விளங்காது. அதற்கு அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 1: என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பின் இணையத்தளத்தில் 1995 முதலான மானியத் தரவுகள் உள்ளன. மாநிலத்தையும் பிறகு கவுண்டியையும் தேர்ந்தெடுத்து, மொத்தத் தொகையை விட்டுவிட்டுத் திட்டவாரியான பட்டியலைத் திறக்கவும்.

படி 2: திட்டங்களை மூன்றாக வகுக்கவும். 1985-ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் பிறந்த சிஆர்பி என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம், நிலத்தில் பயிரிடாமல் 10 முதல் 15 ஆண்டுகள் புல்லோ மரமோ வளர்ப்பதற்கு ஆண்டு வாடகை தருவதால், அதன் தொகை பெரிதாக ஏறி இறங்காது. ஏஆர்சி என்ற திட்டத்தில் பயிர் வருவாய் சரியும்போதும், பிஎல்சி என்ற திட்டத்தில் சந்தை விலை சட்டம் வகுத்த அடிப்படை விலைக்குக் கீழே சரியும்போதும் மட்டுமே பணம் வழங்கப்படும். சீனாவுடனான வர்த்தக மோதலுக்காக 2018, 2019-இல் அறிவிக்கப்பட்ட எம்எஃப்பி என்ற இழப்பீட்டுத் திட்டம் போன்றவை தற்காலிக உதவிகள். எம்எஃப்பியின் 2019 சுற்றில் ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை கவுண்டிக்குக் கவுண்டி வீதம் மாறியதால், அடுத்தடுத்த கவுண்டிகளை அந்த ஆண்டை வைத்து ஒப்பிடுவது பொருந்தாது.

படி 3: பிஎல்சி கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கவும், இதைச் செய்யாமல் மற்றவை பிடிபடா. 2018 விவசாயச் சட்டத்தின்படி மக்காச்சோளத்தின் அடிப்படை விலை புஷலுக்கு (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவை) 3.70 டாலர், 2019 பயிருக்கான சராசரிச் சந்தை விலை 3.56. வித்தியாசம் 14 சென்ட். ஒருவரிடம் மக்காச்சோளத்துக்கென 100 ஏக்கர் பதிவாகியுள்ளது, பதிவு விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல் என்று வைத்துக்கொள்வோம். 85 விழுக்காடு ஏக்கருக்கே பணம் உண்டு என்பதால், 0.14 × 150 × 85 = 1,785 டாலர்; அரசுச் செலவைக் குறைக்கச் சட்டப்படி செய்யப்படும் பிடித்தம் போக, கைக்கு வருவது சற்றுக் குறையும். அந்த நிலத்தில் அவ்வாண்டு சோயா விதைத்திருந்தாலும் இதே தொகைதான், ஏனெனில் பழைய பதிவே கணக்கில் வருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். (2025-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அடிப்படை விலையை 4.10 டாலராக உயர்த்தியுள்ளது.)

படி 4: ஆண்டைச் சரிபார்க்கவும். 2019 பயிருக்கான பிஎல்சி தொகை 2020 அக்டோபருக்குப் பின்னரே வழங்கப்பட்டது. ஆகவே பணம் வந்த ஆண்டின் அறுவடையோடு அதைப் பொருத்தினால் முடிவு தவறும்.

படி 5: பெறுபவர் யார் என்று பார்க்கவும். ரொக்கக் குத்தகை என்றால் பிஎல்சி தொகை உழுபவருக்கு. விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரக் குத்தகை என்றால் நில உரிமையாளருக்கும் பங்கு உண்டு. அவர் தொலைநகரத்தில் வசிப்பவராகவும் இருக்கலாம் என்பதால், கவுண்டிக்கு வந்த பணம் முழுவதும் அங்கேயே தங்கியது என்று எழுதிவிடக் கூடாது.

படி 6: பயிர்க் காப்பீட்டை மறக்க வேண்டாம். பிரீமியத்தில் அரசு ஏற்கும் பங்கு விவசாயிக்குக் காசோலையாக வராததால் பெறுநர் பட்டியலில் பெயர்வாரியாகத் தெரியாது. கவுண்டி அளவிலான தொகையை, பயிர்க் காப்பீட்டை நிர்வகிக்கும் அரசு அமைப்பான ரிஸ்க் மேனேஜ்மென்ட் ஏஜென்சியின் ஆண்டுத் தரவிலிருந்து எடுத்துத் தனிப்பத்தியாகச் சேர்த்துக்கொள்ளவும்.