கையேடு எழுதுவோருக்கான இணைய உதவி: என் அனுபவம்
மண்டபம் விசைப்படகுக்காரர்களுக்காக நான் எழுதிய ஜி.பி.எஸ் கருவிக் கையேட்டில் செய்முறையும் விளக்கமும் கலந்துகிடந்ததால், படித்தவர்கள் பாதியிலேயே மூடிவிட்டனர். வழிகாட்டுதல் தேடியபோது முதலில் வந்தவை கட்டணப் பயிற்சி விளம்பரங்களே. கூகுளின் இலவசத் தொழில்நுட்ப எழுத்துப் பாடங்கள் என் வாக்கியங்களைச் செப்பனிட்டன. ஆனால் சிக்கல் கட்டமைப்பில் இருந்தது.

பிறகு ஆவணம் எழுதுவோரின் ‘ரைட் தி டாக்ஸ்’ குழுமம் நடத்தும் ஸ்லாக் அரட்டைத் தளத்தில் கேட்டேன். ஆவணங்களைப் பயிற்சி, செய்முறை, தகவற்குறிப்பு, விளக்கம் என நான்காகப் பிரிக்கும் ‘டயாடாக்சிஸ்’ முறையையும், ‘தி குட் டாக்ஸ் ப்ராஜெக்ட்’டின் இலவச வார்ப்புருக்களையும் (டெம்ப்ளேட்) அங்கே சுட்டினர். பலரும் தவறவிடக்கூடிய ஒன்று இந்த வார்ப்புருக்களில் உண்டு: எந்தப் பகுதியில் எதை எழுதுவது என்று சொல்லும் வழிகாட்டி தனிக் கோப்பாகவே இருக்கிறது, அதை விட்டு வார்ப்புருவை மட்டும் எடுத்தால் தலைப்புகளும் நிரப்ப வேண்டிய இடங்களுமே மிஞ்சும். அதைப் படித்தபின் இடக்குறி சேமிக்கும் படிகள் ஒரே பக்கத்தில் அடங்கின. கருவியின் அமைப்புகளின் (செட்டிங்ஸ்) பட்டியல் பின்னிணைப்புக்குப் போனது.