பாலிமர் ஆய்வில் பெயர் எடுக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த வாரம் குடியாத்தத்திலிருந்து வரும் ஆய்வு மாணவி ஒருவர் தன் முதல் கட்டுரையின் மெய்ப்பை என் மேசையில் வைத்தார். பெயர் வரிசையைப் பார்த்ததும் பகீரென்றது. மாணவி ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தார். அவருடைய அப்பா முழுப்பெயரோடு நின்றார். "படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று இருந்தது சார்" என்றார். 15 ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், பிறர் எழுதியதைத் திருடாதீர்கள் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதை விடுகிறேன்.

அப்பா பெயரில் கட்டுரை போடுவது

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான். மேற்கோள் கணக்கெடுக்கும் தரவுத்தளங்களுக்கோ கடைசிப் பெயர்தான் ஆள். நான் ஆ. குமரேசன். முதல் நான்கு கட்டுரைகளில் அப்படியே போட்டேன். பிறகு பாஸ்போர்ட் எடுத்தபோது குமரேசன் ஆறுமுகம் ஆனேன். அடுத்த ஐந்திலும் அதையே எழுதினேன். அப்படியொரு தரவுத்தளமான ஸ்கோபஸ் "ஆறுமுகம், கு." என்று பதிந்துகொண்டது. ஆரணியில் அரிசி மண்டிக் கணக்கு எழுதிய என் அப்பா, கைட்டோசான் என்ற பாலிமர் பற்றி ஐந்து கட்டுரை எழுதிய வேதியியலாளர் ஆகிவிட்டார்.

பதவி உயர்வு நேர்காணல் வரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கல்லூரியில் எச்-இன்டெக்ஸ் 6 கேட்டார்கள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு அது: ஒவ்வொன்றும் குறைந்தது 6 மேற்கோள் பெற்ற 6 கட்டுரைகள் இருந்தால் எண் 6. குமரேசனின் நான்கும் பெற்றவை 9, 7, 6, 5; எண் 4. ஆறுமுகத்தின் ஐந்தும் பெற்றவை 11, 8, 6, 6, 5, எண் 5. ஒன்பதையும் ஒன்றாக அடுக்கினால் ஆறாவது இடத்திலும் 6 நிற்கும். திரையில் தெரிந்ததோ 4. "மற்றவை என் அப்பா பெயரில் இருக்கின்றன" என்றேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் அப்பாவையே அனுப்பியிருக்கலாமே." இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆயுளுக்கும் அதையே எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு எந்த எழுத்து என்பதையும் அன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். கனிமொழி இரண்டு விதமாக வந்தால் இரண்டு பேர். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரை அனுப்பும்போதே அதைக் கொடுங்கள். ஏற்கெனவே சிதறியிருந்தால் ஸ்கோபஸில் இரண்டு பக்கங்களையும் இணைக்கக் கோரலாம். நான் கோரினேன், சேர்த்துவிட்டார்கள். போன இரண்டு ஆண்டு போனதுதான்.

தலைப்பில் தோல் ஆலை, குடுவையில் டைகுரோமேட்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். அதனால் குரோமியத்தைப் பிடிக்கும் பாலிமர் பற்றி இங்கே ஆளுக்கொரு கட்டுரை எழுதுகிறோம். தலைப்பில் தோல் ஆலைக் கழிவுநீர் இருக்கும். குடுவையில் இருப்பதோ காய்ச்சி வடித்த நீரில் கரைத்த ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு. ஆலைத் தொட்டியில் கிடப்பது பச்சை நிற மூன்று இணைதிறக் குரோமியம், உப்பும் புரதமும் கலந்தது. டைகுரோமேட் எதிர்மின் அயனி; மூன்று இணைதிறக் குரோமியம் அப்படியல்ல. அதைப் பிடிக்கும் பாலிமர் இதையும் பிடிக்கும் என்று யார் சொன்னது? விஷயம் தெரிந்தவர் சுருக்கத்தோடு மூடிவைத்துவிடுவார்.

இம்பாக்ட் ஃபேக்டரைத் தன் மதிப்பெண்ணாக நினைப்பது

அது இதழின் எண். முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி. பாலிமர்கள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்று ஸ்டாடிங்கர் 1920இல் எழுதினார். நோபல் பரிசு வந்தது 1953இல். 2 ஆண்டுக் கணக்கில் அவருடைய மதிப்பு தெரிந்திருக்குமா?

மூலக்கூறு எடையை மொட்டையாகத் தருவது

மூலக்கூறு எடையை அளக்கும் ஜி.பி.சி. கருவியில் எதனோடு ஒப்பிட்டீர்கள், பாலிஸ்டைரீனா என்று எழுதாத எண்ணை யாரும் எடுத்தாள மாட்டார்கள்.

தன்னைத்தானே மேற்கோள் காட்டுவது

ஸ்கோபஸிலேயே அதைக் கழித்துப் பார்த்துவிடுவார்கள்.

புகழ்ந்து அழைக்கும் இதழுக்கு அனுப்புவது

மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். "மதிப்பிற்குரிய டாக்டர் ஆறுமுகம்" என்று என் அப்பாவுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.