வரைவாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்

2019 ஜூனில் தேசியக் கல்விக் கொள்கை வரைவு வந்தபோது, முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். 484 பக்கம். கோபத்தில் நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். எந்தப் பத்தியைப் பற்றி என்று குறிப்பிடவே இல்லை. பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவனே ‘பொருள்’ வரியை விட்ட கதை.

அடுத்த வரைவுக்கு எழுதப்போகிறவர்கள் முதலில் காலத்தைக் கணக்குப் பாருங்கள். அந்த வரைவை எழுதிய கஸ்தூரிரங்கன் குழு அமைந்தது 2017 ஜூனில். மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது 2020 ஜூலை 29-இல். இந்த மூன்று வருஷத்தில் வரைவுக்குக் கருத்துச் சொல்ல நமக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மாதம்தான், அதுவும் ஜூன் 30 என்ற கெடுவைத் தள்ளியதால். கொள்கை சட்டமல்ல, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டியதில்லை. அதனால் எம்.பி.யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பத்தி எண்ணைப் போடுங்கள். இந்தி பற்றிய 4.5.9 பத்தியை ஜூன் 3-ஆம் தேதியே மாற்றினார்கள். அதற்குப் பின்னால் தமிழ்நாடே நின்றது. தனி ஆளின் கடிதத்துக்கு அந்தப் பலம் கிடையாது, எண்ணாவது இருக்கட்டும்.

அப்புறம், பேராசிரியர்கள் எழுதக்கூடியதை நீங்கள் எழுத வேண்டாம். 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு என்று வரைவில் இருந்தது. கெடு தள்ளிப்போனதும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அம்மாமார் மடியில் பீடி சுற்றும் சுளகு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டும். தேர்வுக்கு முந்தின நாளும் அதுதான். பரீட்சையில் தவறினால் அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கு வராது, சுளகுதான். இது டெல்லியில் யாருக்குத் தெரியும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு இணைத்தால் நல்லது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கையெழுத்துக்குக் கனம் உண்டு.

ஒரு நகலைச் சென்னைக்கும் அனுப்புங்கள். 1976-இன் 42-ஆவது திருத்தத்திலிருந்து கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. டெல்லி கொள்கை வகுத்தாலும், மாநில அரசாணை வந்தால்தான் அது நம் வகுப்பறைக்குள் நுழையும். கல்வி உரிமைச் சட்டத் திருத்தத்தை வைத்து 5, 8-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வை 2019 செப்டம்பரில் இங்கே அறிவித்தார்கள். 2020 பிப்ரவரி 4-இல் ரத்து செய்தார்கள். டெல்லிக் கொள்கையிலோ 3, 5, 8 தேர்வு அப்படியே இடம்பெற்றுவிட்டது.

நான் அனுப்பிய நகலால்தான் ரத்தானது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நகல் அனுப்புங்கள்.