நெடுநடையில் மனம் திறக்காமல் போவது ஏன்?

பல நாள் நடந்தால் மனம் தெளியும் என்று கிளம்புகிறவர்களில் பலர், திரும்பி வரும்போது கொப்புளத்தையும் முட்டிவலியையும் மட்டுமே கொண்டுவருகிறார்கள். உடம்பு ஓயாமல் முறையிட்டுக்கொண்டே இருந்ததில் காடு சொன்ன எதுவும் காதில் விழவில்லை. அமைதியைப் பற்றிப் பேசாமல் சாக்ஸைப் பற்றிப் பேசுவதா என்று தோன்றலாம். ஆனால் சாக்ஸில்தான் எல்லாம் தொடங்குகிறது.

குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ லேசாக எரியும்போது, "அந்த மேட்டை ஏறிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடப்பதுதான் முதல் தவறு. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தோலின் அடுக்குகள் பிரிந்து நடுவே நீர் கோத்துக்கொள்ளும். அதன்பின் நான்கைந்து நாளுக்கு நினைப்பெல்லாம் அந்தக் கொப்புளத்தின் மேல்தான் இருக்கும். எரிச்சல் தெரிந்த இடத்திலேயே உட்காருங்கள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, மணலைத் தட்டி, காலைக் காற்றாட விட்டு, நன்றாகக் காய்ந்தபின் சுருக்கமில்லாமல் காயத்துக்கு ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் சாக்ஸில் மாட்டி உரியாது. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ வேண்டும். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும் என்பதால் ஷூ அரை சைஸாவது பெரிதாக இருக்கட்டும்.

அடுத்தது பை. உணவும் தண்ணீரும் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. அதைத் தாண்டி ஏறுவது பெரும்பாலும் "ஒருவேளை தேவைப்பட்டால்" என்ற பயம்தான். 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி, தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தார். பையை மாட்டுவதற்கும் வரிசை உண்டு. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமர்த்தி இறுக்குங்கள். தோள் வார் அதன்பிறகு. முதலிலேயே தோள் வாரை இறுக்கினால் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும்.

தூரக் கணக்கில் எல்லோரும் சமதரை வேகத்தை வைத்தே ஏமாறுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 900 மீட்டர் ஏற்றமுள்ள 20 கிலோமீட்டர் பாதைக்கு, ஓய்வைச் சேர்க்காமலே ஐந்தரை மணி நேரம் ஆகும். முதல் வாரம் நாளுக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போதும். தசை சீக்கிரம் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு அதைவிடக் காலம் பிடிக்கும். உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டியவர்கள் இரண்டாவது வாரத்தில் குதிகால் தசைநாணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு "இதெல்லாம் எதற்கு?" என்று தோன்றும். அதை ஆன்ம நெருக்கடி என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. பெரும்பாலும் அது வெறும் பசி. காலையிலிருந்தே மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கொட்டையோ உலர்பழமோ சாப்பிட்டுவந்தால் அந்தக் கேள்வி பாதிக்குமேல் கரைந்துவிடும். பாதியில் திரும்பிவிடலாமா என்ற முடிவை மழையிலோ இருட்டும் நேரத்திலோ எடுக்காதீர்கள். சாப்பிட்டு, தூங்கி, காலையில் யோசியுங்கள். கால் வலித்து நடையே கோணலாகிவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே நிறுத்துங்கள்.

இனி மனதின் விஷயம். முதல் மூன்று நாள் தலைக்குள் பழைய சண்டைகளும் வேலைக் கணக்குகளும் ஓடும். பிறகு சலிப்பு வரும். சலிப்பு வந்த அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் காதில் இயர்போனைச் செருகுகிறார்கள். இவ்வளவு தூரம் நடந்து வந்து, வாசலில் நின்று திரும்புவது போன்றது அது. சலிப்பைத் தாங்கிக்கொண்டு நடந்தால் கவனம் தானாக வெளியே திரும்பும்: முதலில் சொந்தக் காலடி கேட்கும், பிறகு மூச்சு, பிறகு சருகுக்கடியில் ஏதோ நகர்வது. தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரம் பேச்சும் பாட்டும் இல்லாமல் நடந்து பாருங்கள். கூட்டமாகப் போனால் ஒருவருக்கொருவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஐம்பது அடி இடைவெளி விட்டு நடக்கலாம். வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி, ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். எந்தப் பாதை, எந்த நாளில் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் அடிக்கடி செய்தி அனுப்ப வேண்டியிருக்காது.

இரவில் "இன்று என்ன ஞானம் பெற்றேன்" என்று எழுத உட்காராதீர்கள். கைக்குப் பொய்தான் வரும். பார்த்ததை மூன்று வரியில் எழுதினால் போதும். பாறை மேல் ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய இறகை இழுத்துப் போனது, காற்றடித்தபோது இறகோடு சேர்ந்து சுழன்றது, விடவில்லை. இப்படி.

நடை முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்புவதும் தவறுதான். தினமும் ஏழெட்டு மணி நேரம் உழைத்த உடம்பு சட்டென்று நின்றால் மனமும் சோர்ந்து விழும். மூன்று நாளாவது இடைவெளி விட்டு, தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்தபடி இறங்கி வாருங்கள். வேலையை விடும் கடிதத்தை அந்த நாட்களில் எழுதத் தோன்றினால் எழுதலாம். அனுப்புவதை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.