பழைய பைக்கில் பெட்ரோல் ஒழுகினால்

பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டியில் முதலில் பெட்ரோல் டேப்பை மூடி 10 நிமிடம் பாருங்கள். அப்போதும் டேப்பின் கழுத்தில் ஈரம் கசிந்தால் ஓரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது. டேங்கை வடித்துவிட்டு மாற்றுங்கள். ஒழுகல் நின்றுவிட்டால், அதிலும் கார்புரேட்டர் அடியில் தொங்கும் ஓவர்ஃப்ளோ டியூப் நுனியில்தான் சொட்டியதென்றால், குற்றவாளி பெரும்பாலும் ஃப்ளோட் நீடில், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி.

இன்ஜின் நன்றாக ஆறியபின் பவுலை (கார்புரேட்டரின் அடிக்கிண்ணம்) வடித்துக் கழற்றுங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. நீடிலின் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய பள்ளமாக வளையம் விழுந்திருந்தால் புதுசுதான் போடவேண்டும். முனை வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் சீட்டில் (நீடில் உட்காரும் துளை) தூசு அடைத்திருக்கும். பெட்ரோலில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே போதும், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். நீடிலை ஏற்றி இறக்கும் மிதவையான ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள், சளக்கென்றால் ஓட்டை.

டேங்க் அடியில் எம்சீல் அப்புவதெல்லாம் நாலு நாள் வைத்தியம். இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் அதையும் மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.