விசிட்டர் விசா: என்ன கொடுத்தோம் என்பதற்கு அத்தாட்சி

விசாவுக்கு ஆவணம் சேர்க்க வாரக்கணக்கில் அலைகிறவர்கள்கூட, அதைக் கொடுத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்வதில் கோட்டை விடுகிறார்கள். ஒரிஜினல் பீரோவில் இருந்தால் போதாது. எந்தக் கோப்பு, எத்தனை பக்கம், எந்தத் தேதியில் போனது என்று காட்ட முடிய வேண்டும். 'வருமானச் சான்று போதவில்லை' என்று நிராகரிப்புக் கடிதம் வந்தால், கொடுத்தது போதவில்லையா, அல்லது போய்ச் சேரவே இல்லையா என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

கணினியில் 'அனுப்பியது' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதிலிருந்து மட்டுமே பதிவேற்றுங்கள். டவுன்லோட்ஸிலிருந்து ஒன்று, போன் கேலரியிலிருந்து ஒன்று என்று ஏற்றினால், எது போனது என்று பிறகு உங்களுக்கே தெரியாது. கோப்பின் பெயரில் வரிசை எண், ஆவணத்தின் பெயர், பக்க எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். வேறு குறிகளைச் சில தளங்கள் ஏற்காது. அளவு மீறினால் (கனடா தளத்தில் ஒரு கோப்புக்கு 4 எம்பி) சுருக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது சுருக்கிய பிரதியையே இந்த ஃபோல்டரில் வையுங்கள், ஏனென்றால் அதிகாரி பார்ப்பது அதைத்தான். முத்திரையும் எண்களும் படிக்க முடிகிறதா என்று 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு பொறி உண்டு. மெயிலில் வரும் பிடிஎஃப் பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்டே வரும். அப்படியே ஏற்றினாலும் பல நேரம் தளம் மறுக்காது, பச்சை டிக் காட்டும். ஆனால் அதிகாரியிடம் அது திறக்காது. பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, பிரின்ட் கொடுத்து, புதிய பிடிஎஃப்பாகச் சேமித்து, அதை வேறொரு போனில் திறந்து பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

இறுதிப் பொத்தானை அழுத்தும் முன், ஏற்றிய கோப்புகளின் பட்டியல் தெரியும் பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். ஒரே இடத்தில் இரண்டாவது கோப்பை ஏற்றினால் முதலாவது அழிந்துவிடும் தளங்கள் உண்டு. அது அகப்படுவது இந்தப் பட்டியலில்தான். அனுப்பிய பின் வரும் உறுதிப்பக்கம், கட்டண ரசீது, மெயில் மூன்றையும் எடுத்து வையுங்கள். அமெரிக்க விசாவுக்கு இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் பலர் பார்கோடு உள்ள உறுதிப்பக்கத்தை மட்டும் அச்சிடுகிறார்கள். நீங்கள் சொன்ன பதில்கள் முழுதும் அதில் இருக்காது. விண்ணப்பத்தைத் தனியாக அச்சிட வேண்டும்.

அன்றைக்கே முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பினால், அதற்கு ஒரு தேதி விழுந்துவிடும். ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் இணைக்கலாம். மீறினால் இரண்டாகப் பிரியுங்கள்.

நேரில் கொடுப்பவர்கள் கவுன்ட்டருக்குப் போகும் முன் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். வெறும் பக்கங்களையும் விடவேண்டாம். அங்கே டிக் செய்யும் செக்லிஸ்ட்டில் ஒரு பிரதி கேளுங்கள். ஏதாவது காகிதத்தை வாங்க மறுத்தால், மறுத்ததை அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் நேரத்தோடு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ரசீதையும் கூரியர் சீட்டையும் அன்றே படம் எடுங்கள். வெப்பத்தாளில் (தெர்மல் பேப்பர்) அச்சிட்டது சில மாதங்களில் வெளுத்துவிடும்.

பிறகு கூடுதல் ஆவணத்தை இணையப் படிவம் வழியாக அனுப்ப நேர்ந்தால், எழுதியதை முதலில் காப்பி எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். பல படிவங்கள் உங்களுக்குப் பிரதி அனுப்பாது, 'பெற்றோம்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

ஏஜென்ட் வழியாகப் போனால், விண்ணப்பத்தில் உங்கள் மெயில் முகவரிதான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணத்தில் கடைசித் தவணையை, அனுப்பிய முழுத் தொகுப்பும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

விசா கிடைத்துவிட்டாலும் ஃபோல்டரை அழிக்காதீர்கள். பிரிட்டன் படிவம் கடந்த 10 ஆண்டுப் பயணங்களைக் கேட்கிறது. முன்பு எழுதிய வேலை, சம்பளம், தேதிகளைப் பார்த்துத்தான் அடுத்ததை நிரப்ப முடியும்.