மாதவிடாய்க் கைமருந்து: எங்கே பிசகுகிறது?

நாள் தள்ளிப்போனதும் பல வீடுகளில் எள்ளுருண்டைதான் முதல் மருந்து. எள்ளும் வெல்லமும் நல்ல உணவு. ஆனால் அவை தீட்டை வரவழைக்கும் என்பதற்கு வலுவான ஆய்வு கிடையாது. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். இல்லையென்று காட்டியும் தீட்டு வரவில்லையா, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நாள் தள்ளி, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்து, மயக்கமும் வந்தால் கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனைதான். கருவைக் கலைப்பதற்காக எருக்கம்பாலைப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து.

தீட்டு வலிக்குச் சுக்கு ஓரளவு ஆதாரமுள்ள மருந்து. ஆய்வுகள் சிறியவைதான், ஆனாலும் பலன் தெரிகிறது. அவற்றில் கொடுத்தது நாளொன்றுக்கு 750 முதல் 2000 மில்லிகிராம் பொடி, முதல் 3, 4 நாட்களுக்கு. கால் டீஸ்பூன் வீதம் மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு எடுத்தால் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். வெறும் வயிற்றில் அள்ளிப் போட்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பெரும்பாட்டுக்கு, அதாவது அளவுக்கு மீறிய மாதப்போக்குக்கு, அசோகப்பட்டை என்பார்கள். பெரிய குழப்பமே இங்கேதான். பள்ளிக்கூட வாசலில் ஒல்லியாக, நெட்டுக்குத்தாக நிற்கிறதே, பலரும் அசோகமரம் என்று சொல்வது, அது நெட்டிலிங்கம். இலை தனித்தனியாக, ஓரம் நெளிநெளியாக இருக்கும், பூ வெளிர்பச்சை. மருந்துக்கான அசோகு கிளை பரப்பி நிற்கும், ஒரு காம்பில் பல சிற்றிலைகள், ஆரஞ்சும் சிவப்புமாகப் பூங்கொத்து. மரத்தில் எளிதாகத் தெரியும் இந்த வித்தியாசம் பொடியில் தெரியாது. கடைச்சரக்கில் நெட்டிலிங்கப் பட்டை கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே உதிரிப் பொடி வேண்டாம். பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் எழுதித் தருவதை, உரிம எண் அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள்.

அசல் பட்டைக்கும் மனிதர்களிடம் நடந்த நல்ல ஆய்வுகள் குறைவு. உதிரப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் பார்த்தே ஆகவேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அப்படியே. பட்டைக் கஷாயத்தின் துவர்ப்பு இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. இரும்பு மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.